கரியமில வாயுவை எரிபொருளாக்கும் மின்முனைகள்

கார்பன் டை ஆக்சைடு எரிந்து முடிந்த கார்பன். விறகு, நிலக்கரி, பெட்ரோல் என எதை எரித்தாலும் அதிலிருந்த கார்பன் கடைசியில் வந்து சேரும் இடம் இந்த மூலக்கூறுதான். இதற்கு மேல் அதை எரிக்க முடியாது. மறுபடியும் எரிபொருளாக்க வேண்டுமானால், எரிந்தபோது வெளியேறிய ஆற்றல் முழுவதையும், அதற்கு மேல் கொஞ்சத்தையும் வெளியிலிருந்து திருப்பிக் கொடுத்தாக வேண்டும். இலைகள் அதைச் சூரிய ஒளியிலிருந்து கொடுக்கின்றன. மின்வேதி முறையில் அது மின்சாரமாகக் கொடுக்கப்படுகிறது. எதிர்மின்முனையில் கார்பன் டை ஆக்சைடு எலக்ட்ரான்களையும், நீரிலிருந்து வரும் புரோட்டான்களையும் ஏற்று ஒடுக்கமடைகிறது. நேர்மின்முனையில் நீர் சிதைந்து ஆக்சிஜன் வெளியேறுகிறது. இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு மின்பகுளியும், விளைபொருள்கள் கலந்துவிடாமல் தடுக்க ஒரு சவ்வும் இருக்கும்.

எத்தனை எலக்ட்ரான் சேர்கிறது என்பதைப் பொறுத்து விளைபொருள் மாறும். இரண்டு சேர்ந்தால் கார்பன் மோனாக்சைடு அல்லது பார்மிக் அமிலம். ஆறு சேர்ந்தால் மெத்தனால். எட்டு சேர்ந்தால் மீத்தேன். இரண்டு கார்பன் அணுக்கள் இணைந்து எத்திலீனாகவோ எத்தனாலாகவோ மாறப் பன்னிரண்டு எலக்ட்ரான் வேண்டும். வெப்ப இயக்கவியல் கணக்குப்படி இந்த மாற்றங்கள் எவற்றுக்கும் பெரிய மின்னழுத்தம் தேவையில்லை. நீரிலிருந்து ஹைட்ரஜன் பிரியும் மின்னழுத்தத்தை ஒட்டியே இவை எல்லாம் நடந்துவிடலாம். ஆனால் நடப்பதில்லை. இடைஞ்சல் முதல் படியிலேயே இருக்கிறது. நேர்கோட்டு வடிவிலுள்ள கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு தனியாக ஓர் எலக்ட்ரானை ஏற்க வேண்டுமானால் தன் வடிவத்தை வளைத்துக்கொள்ள வேண்டும். அதற்குத் தர ஹைட்ரஜன் மின்முனையை ஒப்பிட்டுச் சுமார் -1.9 வோல்ட் வரை போக வேண்டியிருக்கிறது. கோட்பாடு கேட்கும் அளவுக்கும் நடைமுறையில் கொடுக்க வேண்டிய அளவுக்கும் உள்ள இந்த வித்தியாசமே மிகை மின்னழுத்தம். வளைந்த நிலையிலுள்ள மூலக்கூறைப் பற்றிப் பிடித்து, அந்தச் செலவைக் குறைப்பதுதான் வினையூக்கியின் வேலை.

அந்த வேலையில் வினையூக்கிக்கு ஒரு போட்டியாளரும் உண்டு. மின்பகுளி பெரும்பாலும் நீர்க்கரைசல். நீர் அங்கே ஏராளம். 25 டிகிரி செல்சியஸில், சாதாரண அழுத்தத்தில், ஒரு லிட்டர் நீரில் கரையும் கார்பன் டை ஆக்சைடு ஒன்றரை கிராம் அளவுதான். எலக்ட்ரானைப் பெற இரண்டும் முண்டியடிக்கும்போது, எளிதில் வெல்வது நீர், வெளிவருவது ஹைட்ரஜன். எனவே இத்துறையில் எந்த முடிவையும் எடைபோடும் முதல் அளவுகோல் ஃபாரடே திறன். செலுத்திய எலக்ட்ரான்களில் நூற்றுக்கு எத்தனை விரும்பிய பொருளுக்குப் போய்ச் சேர்ந்தன என்பதை அது சொல்லும். இரண்டாவது அளவுகோல் மின்னோட்ட அடர்த்தி: ஒரு சதுர சென்டிமீட்டர் மின்முனையில் எவ்வளவு வேகமாக வினை நடக்கிறது என்பது. இரண்டில் ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை விட்டுவிடும் அறிவிப்புகளைச் சந்தேகத்துடன் படிப்பதே நல்லது.

மின்சாரத்தைக் கொண்டு கரியமில வாயுவிலிருந்து பார்மிக் அமிலம் எடுக்கும் முயற்சி 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. ஆனால் எந்த உலோகம் எதைத் தரும் என்பதை வரிசைப்படுத்தி, துறைக்கு ஓர் ஒழுங்கைத் தந்தவர் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோஷியோ ஹோரி. 1985 முதல் அவரும் உடன் பணியாற்றியவர்களும் பல உலோகங்களை ஒரே மாதிரியான பைகார்பனேட் கரைசலில், ஒரே மாதிரியான நிலைமைகளில் சோதித்தார்கள். ஈயம், பாதரசம், வெள்ளீயம், இண்டியம் ஆகியவை பார்மிக் அமிலத்தின் அயனியான பார்மேட்டைக் கொடுத்தன. தங்கம், வெள்ளி, துத்தநாகம் கார்பன் மோனாக்சைடைக் கொடுத்தன. இரும்பு, நிக்கல், பிளாட்டினம் ஏறக்குறைய ஹைட்ரஜனை மட்டுமே கொடுத்தன. எந்தக் கூட்டத்திலும் சேராமல் தனித்து நின்றது செம்பு. அதில் மீத்தேன் கிடைத்தது. எத்திலீனும் கணிசமாக உண்டாவதை 1986ஆம் ஆண்டின் ஆய்வு காட்டியது.

செம்பின் தனித்தன்மைக்குக் காரணம் கார்பன் மோனாக்சைடை அது பிடித்துக்கொள்ளும் விதம். தங்கமும் வெள்ளியும் மோனாக்சைடை இறுகப் பற்றுவதில்லை. உண்டானதும் அது வாயுவாகப் பறந்துவிடுகிறது. பிளாட்டினமும் நிக்கலும் அளவுக்கு மீறி இறுகப் பற்றுகின்றன; மேற்பரப்பே அடைபட்டு, ஹைட்ரஜன் வினை மட்டும் தொடர்கிறது. செம்பின் பிடி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அடுத்த எலக்ட்ரான் வரும்வரை மோனாக்சைடு மேற்பரப்பில் தங்குகிறது. பக்கத்தில் இன்னொரு மோனாக்சைடு இருந்தால் இரண்டும் இணைந்து கார்பன்-கார்பன் பிணைப்பு உருவாகிறது. செம்புப் படிகத்தின் எந்த முகம் வெளியே தெரிகிறது என்பதும் முக்கியம். சதுர அடுக்கு கொண்ட முகம் எத்திலீன் பக்கமும், அறுகோண அடுக்கு கொண்ட முகம் மீத்தேன் பக்கமும் சாய்வதை ஹோரியின் ஒற்றைப் படிகச் சோதனைகள் காட்டின.

இந்த நடுத்தரப் பிடியே செம்பின் பலவீனமும் ஆகிறது. 2012இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கென்ட்ரா கூல், எடோஷா கேவ், தாமஸ் ஜரமியோ உள்ளிட்டோர் சாதாரணச் செம்புத் தகட்டில் உண்டாகும் பொருள்களை நுணுக்கமாக அளந்தபோது பதினாறு விளைபொருள்கள் கிடைத்தன. ஒரே தகட்டில் இத்தனை பொருள்கள் உண்டாவது வேதியியலாளருக்கு விருந்து. அவற்றைப் பிரித்தெடுக்க வேண்டிய ஆலைக்காரருக்குத் தலைவலி. செம்பு நுட்பமான உலோகமும்கூட. கரைசலில் மிகச் சிறிய அளவில் இரும்போ துத்தநாகமோ கலந்திருந்தாலே அவை மேற்பரப்பில் படிந்து, சில நிமிடங்களிலேயே செம்பைச் செயலிழக்கச் செய்துவிடும். பழைய ஆய்வுகள் பல ஒன்றோடொன்று முரண்பட்டதற்கு இந்த மாசு ஒரு முக்கியக் காரணம்.

வெறும் உலோகம் தரும் பொருள்களின் பட்டியல் இயற்கை வகுத்தது. அதை மாற்ற வேண்டுமானால் மின்முனையின் மேற்பரப்பை மாற்ற வேண்டும். வினையூக்கி பூசிய மின்முனைகளின் வரலாறு இங்கே தொடங்குகிறது. 1974இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மெஷிட்சுகா, இச்சிகாவா, தமாரு மூவரும் உலோகத் தாலோசயனைன்களைக் கிராஃபைட்டின் மேல் பூசிச் சோதித்தார்கள். துணிச்சாயமாகவும் மையாகவும் பயன்படும் நீலப் பொருளின் குடும்பம் அது. நடுவில் ஓர் உலோக அணு, சுற்றிலும் நான்கு நைட்ரஜன். நடுவில் கோபால்ட்டோ நிக்கலோ இருந்தபோது கார்பன் டை ஆக்சைடு ஒடுக்கமடைந்தது. கிராஃபைட் தனியாகச் செய்யாத வேலையை, அதன் மேல் அமர்ந்த மூலக்கூறு செய்தது.

அடுத்த பத்தாண்டில் மூலக்கூறு வினையூக்கிகள் வேகமாக வளர்ந்தன. ஃபிரான்சில் ழான்-மரி லேன் குழு 1984இல் ரீனியம் சேர்மம் ஒன்றைக் கரைசலில் இட்டு, கார்பன் டை ஆக்சைடை ஏறக்குறைய கார்பன் மோனாக்சைடாக மட்டுமே மாற்றிக்காட்டியது. அதே ஆண்டு அதே நாட்டில் ழான்-பியர் சோவாஜ் பங்கேற்ற குழு, நிக்கலைச் சூழ்ந்த வளைய மூலக்கூறு ஒன்று நீரிலேயே இந்த வேலையைச் செய்வதைக் காட்டியது. லேனுக்கு 1987இலும் சோவாஜுக்கு 2016இலும் நோபல் பரிசு கிடைத்தது. இரண்டுமே வேறு ஆய்வுகளுக்காக. கரைசலில் மிதக்கும் வினையூக்கிக்கு ஒரு குறை உண்டு: மின்முனையைத் தொடும் சில மூலக்கூறுகள் மட்டுமே வேலை செய்யும், மற்றவை சும்மா இருக்கும். 1985இல் அமெரிக்காவில் தாமஸ் மேயர் குழு, ரீனியம் சேர்மத்தை மின்முனையின் மேலேயே பலபடிப் படலமாக வளர்த்தது. இப்படிப் படலமாகக் கட்டியபோது, மிகக் குறைந்த அளவு வினையூக்கியே போதுமானதாயிற்று.

மூலக்கூறு வினையூக்கியின் வலிமை, அதன் ஒவ்வொரு அணுவும் எங்கே இருக்கிறது என்பது வேதியியலாளருக்குத் தெரியும் என்பதில் உள்ளது. ஓர் எடுத்துக்காட்டு போதும். ழான்-மிஷெல் சவேயான் பங்கேற்ற பாரிஸ் குழு 2012இல் இரும்புப் போர்ஃபிரின் வளையத்தின் ஓரங்களில் ஃபீனால் தொகுதிகளைப் பொருத்தியது. வினை நடக்கும் இடத்தின் அருகிலேயே புரோட்டான் கிடைக்கச் செய்வதே நோக்கம். அந்தச் சிறு மாற்றத்தால் கார்பன் மோனாக்சைடு உருவாகும் வேகம் பன்மடங்கு கூடியது. தாலோசயனைனுக்கும் இதுபோல் இரண்டாம் வாழ்வு கிடைத்தது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஹைலியாங் வாங் பங்கேற்ற குழு 2019இல் கோபால்ட் தாலோசயனைனை ஒன்றோடொன்று ஒட்டித் திரளாகிவிடாமல் கார்பன் நானோகுழாய்களின் மேல் தனித்தனி மூலக்கூறுகளாகப் பரப்பியது. முன்பெல்லாம் மோனாக்சைடோடு நின்ற வினை இங்கே மெத்தனால் வரை போனது. ஃபாரடே திறன் நாற்பது சதவீதத்தைத் தாண்டியது. வளையம் தானும் ஒடுக்கமடைந்து சிதையத் தொடங்கியதால் சில மணி நேரத்தில் செயல் குறைந்தது. அமினோ தொகுதிகளைச் சேர்த்த பிறகு அது ஓரளவு நிலைத்தது. மூலக்கூறு வினையூக்கிகளின் தீராத குறை இந்த ஆயுள்தான்.

உயிர்களிடம் இதற்கான விடை ஏற்கெனவே இருக்கிறது. சில நுண்ணுயிரிகளின் கார்பன் மோனாக்சைடு டிஹைட்ரஜனேஸ் என்ற நொதியில் ஒரு நிக்கலும் நான்கு இரும்பும் கந்தகத்தோடு சேர்ந்த ஒரு கொத்து உண்டு. ஆக்ஸ்ஃபோர்டில் ஃபிரேசர் ஆம்ஸ்ட்ராங் குழு அந்த நொதியைக் கிராஃபைட்டில் ஒட்டி அளந்தபோது, கார்பன் டை ஆக்சைடிலிருந்து மோனாக்சைடும், மோனாக்சைடிலிருந்து கார்பன் டை ஆக்சைடும் ஏறக்குறைய மிகை மின்னழுத்தமே இல்லாமல் மாறின. எந்த உலோகத் தகடும் இதன் அருகில் வரவில்லை. எனினும் ஆலையில் இதை வைத்து ஓட்ட முடியாது. நொதி மூலக்கூறின் பெரும்பகுதி வினையில் பங்கெடுக்காத புரதம். அதனால் ஒரு சதுர சென்டிமீட்டரில் வினைபுரியும் இடங்கள் மிகக் குறைவு. ஆக்சிஜன் பட்டால் அது கெட்டும்விடும். எட்ட வேண்டிய எல்லை எங்கே இருக்கிறது என்பதை நொதி காட்டுகிறது, அவ்வளவே.

மேற்பரப்பை மாற்றுவது என்றால் வினையூக்கியைப் பூசுவது மட்டும் அல்ல. உலோகத்தை ஒட்டிய ஓரிரு நானோமீட்டர் நீர்ப்படலத்தில் எந்த அயனி நிற்கிறது என்பதும் வினையின் போக்கைத் தீர்மானிக்கிறது. நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் மார்க் கோப்பர் குழு 2021இல் ஒரு முடிவை வெளியிட்டது: கரைசலில் உலோக நேரயனிகள் அறவே இல்லாவிட்டால் செம்பு, தங்கம், வெள்ளி எதிலும் கார்பன் டை ஆக்சைடு ஒடுக்கம் நடப்பதே இல்லை. பல பத்தாண்டுகளாக வெறும் கடத்தியாகக் கருதப்பட்ட பொட்டாசியமும் சீசியமும், வளைந்த மூலக்கூறைத் தாங்கிப் பிடிக்கும் பங்காளிகள் என்று தெரிந்தது. இதே வழியில், 2020இல் செம்பின் மேல் பிரிடீனியத்திலிருந்து உண்டாக்கிய கரிமப் படலம் ஒன்றை ஏற்றி, எத்திலீனின் ஃபாரடே திறனை எழுபது சதவீதத்துக்கு மேல் உயர்த்தினார்கள். படலம் தானாக வினைபுரிவதில்லை. செம்பின் மேல் மோனாக்சைடு எப்படி உட்காருகிறது என்பதை மட்டும் மாற்றுகிறது.

பிரிடீனியம் என்றதும் ஒரு சர்ச்சையையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ போகார்ஸ்லி குழு, கரைசலில் பிரிடீனியம் அயனி இருந்தால் மெத்தனால் எளிதில் கிடைக்கிறது என்று 1990களிலிருந்து எழுதிவந்தது. பின்னர் சவேயான் குழு பிளாட்டினத்தில் அதே சோதனையைச் செய்தபோது மெத்தனால் தென்படவில்லை. சில மைக்ரோமோல் அளவில் விளைபொருள் கிடைக்கும் ஆய்வுகளில் பசை, கரைப்பான், சவ்வு எதிலிருந்து வேண்டுமானாலும் கார்பன் வந்திருக்கலாம். கார்பன்-13 ஐசோடோப்பால் அடையாளமிட்ட வாயுவைச் செலுத்தி, விளைபொருளிலும் அதே ஐசோடோப்பு இருக்கிறதா என்று பார்ப்பதே நம்பகமான சோதனை. அந்தச் சோதனை செய்யப்படாத புதுமைகளை ஒதுக்கி வைத்தால் பெரிய நட்டமில்லை.

ஆய்வகத்திலிருந்து ஆலையை நோக்கி நகரும்போது முதலில் எதிர்ப்படுவது கரைதிறன். நீரில் கரைந்த வாயுவை மட்டும் நம்பினால், மின்னோட்டம் சதுர சென்டிமீட்டருக்குச் சில பத்து மில்லிஆம்பியரோடு நின்றுவிடும். தொழில் அளவுக்கு அதைப்போல் பத்து மடங்காவது வேண்டும். வாயு விரவல் மின்முனை இதற்கு விடையாக வந்தது. அதன் ஒரு பக்கம் வாயு ஓடும்; மறுபக்கம் மின்பகுளி நிற்கும்; நடுவில் தாமரை இலைபோல் நீரை ஒட்டவிடாத நுண்துளைத் தாள். தாளின் நீர்ப்பக்கத்தில் வினையூக்கி மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். வாயு துளைகள் வழியே நேராக வினையூக்கியை வந்தடைகிறது. நீரைக் கடந்து வர வேண்டியதில்லை. 2018இல் கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் சார்ஜென்ட் குழு டெஃப்லான் தாளில் செம்பைப் படியவைத்து, அதன் மேல் கார்பனும் கிராஃபைட்டும் பூசி, அடர்ந்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஓட்டியது. எத்திலீனுக்கு எழுபது சதவீத ஃபாரடே திறன் கிடைத்தது. 150 மணி நேரம் தாக்குப்பிடித்தது. இரண்டே ஆண்டில், அயனி கடத்தும் பலபடி பூசிய மின்முனைகளில் மின்னோட்டம் சதுர சென்டிமீட்டருக்கு ஓர் ஆம்பியரைத் தாண்டியது.

அந்த வெற்றிக்குள்ளேயே ஒரு பள்ளம் இருந்தது. காரக் கரைசலில் கார்பன் டை ஆக்சைடு எரிபொருளாவதற்கு முன்பே கார்பனேட்டாகிவிடுகிறது. காரம் இல்லாத கரைசலிலும் தப்ப முடியாது. வினையே மின்முனை அருகில் ஹைட்ராக்சைடை உண்டாக்குகிறது. ஒரு கார்பன் மோனாக்சைடு மூலக்கூறு பிறக்கும்போது இரண்டு ஹைட்ராக்சைடு அயனிகள் பிறக்கின்றன. அவை இன்னொரு கார்பன் டை ஆக்சைடைக் கார்பனேட்டாக விழுங்கும். ஆகவே செலுத்திய வாயுவில் பாதிக்கு மேல் பயன்படாது. எத்திலீனில் நிலை இன்னும் மோசம்: இரண்டு மூலக்கூறு பயனாகும்போது ஆறு வீணாகின்றன. இருபத்தைந்து சதவீதமே எல்லை. விழுங்கப்பட்ட வாயு, எதிரயனி கடத்தும் சவ்வைக் கடந்து நேர்மின்முனையில் ஆக்சிஜனோடு கலந்து வெளியேறும். அல்லது பொட்டாசியம் பைகார்பனேட் உப்பாக வாயுத் துளைகளில் படிந்து மின்முனையை அடைத்துவிடும். ஃபாரடே திறனை மட்டும் பேசிய காலத்தில் இந்தக் கசிவு கணக்கில் வரவே இல்லை. 2021இல் டொரன்டோ குழு வலிமையான அமிலத்தில், மின்முனை அருகே பொட்டாசியம் அயனிகளைத் திரட்டிவைக்கும் பூச்சோடு, உள்ளே சென்ற வாயுவில் 77 சதவீதத்தைப் பயன்படுத்திக் காட்டியது. விலையும் உண்டு: கலத்தின் மின்னழுத்தம் 4.2 வோல்ட்.

மின்னழுத்தம்தான் மின்கட்டணம். ஒரு டன் எத்திலீனுக்கு எவ்வளவு மின்சாரம் என்பதை ஃபாரடே விதியிலிருந்தே கணக்கிடலாம். ஒரு மூலக்கூறுக்குப் பன்னிரண்டு எலக்ட்ரான். ஒவ்வொரு வோல்ட்டுக்கும் டன்னுக்குச் சுமார் 11.5 மெகாவாட் மணி. கோட்பாட்டளவில் 1.15 வோல்ட் போதும் என்பதால், குறைந்தபட்சம் 13 மெகாவாட் மணி. உண்மைக் கலம் 3 வோல்ட்டில் ஓடினால், ஓர் எலக்ட்ரானும் வீணாகாவிட்டாலும் 34 மெகாவாட் மணி. ஃபாரடே திறன் எழுபது சதவீதமானால் 49. உலகம் ஆண்டுக்கு உற்பத்தி செய்யும் எத்திலீன் 15 கோடி டன்னுக்கு மேல். அதை முழுவதும் இந்த வழியில் எடுக்க, எலக்ட்ரான் இழப்பே இல்லாவிட்டாலும், இந்தியாவின் ஓராண்டு மின் உற்பத்தியைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும். இந்த ஆற்றலில் பெரும்பகுதி நேர்மின்முனையில், அதிக விலைபோகாத ஆக்சிஜனை உண்டாக்குவதற்கே செலவாகிறது என்பது இன்னொரு வேதனை.

ஆயுள் கணக்கும் இதே அளவு கடுமையானது. குளோரின்-காஸ்டிக் சோடா ஆலைகளில் ருத்தேனியம் ஆக்சைடு பூசிய டைட்டேனிய நேர்மின்முனைகள் ஆண்டுக்கணக்கில் ஓடுகின்றன; காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அத்தகைய முனைகளை உள்நாட்டிலேயே உருவாக்கியது. பூசிய மின்முனைக்குத் தொழில்துறை எதிர்பார்க்கும் தரம் அதுதான். அதற்கு ஓரளவு நெருங்கியிருப்பது கார்பன் மோனாக்சைடு தரும் வெள்ளி மின்முனை. ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடிய பதிவுகள் அதற்கு உண்டு. எத்திலீன் தரும் செம்பு பெரும்பாலும் நூற்றுக்கணக்கான மணியில் தளர்ந்துவிடுகிறது. வணிகத்தில் இறங்கியவர்கள் மோனாக்சைடைத் தேர்ந்ததில் வியப்பில்லை. செம்பின் பதினாறு பொருள்களை அளந்த கூலும் கேவும் சேர்ந்து தொடங்கிய ட்வெல்வ் நிறுவனம், வாஷிங்டன் மாநிலத்தின் மோசஸ் லேக்கில் மோனாக்சைடு வழியாக விமான எரிபொருள் தயாரிக்கும் ஆலையை அமைத்தது. ஜெர்மனியில் சீமன்ஸ், எவோனிக் நிறுவனங்கள் மோனாக்சைடையும் ஹைட்ரஜனையும் நுண்ணுயிரிகளுக்கு உணவாக்கி ஆல்கஹால்கள் எடுக்கும் வழியைச் சோதித்தன. எரிபொருளே வேண்டாம், ஆக்சிஜன் போதும் என்ற நிலையில் இதே வினை செவ்வாய்க் கோளிலும் நடந்திருக்கிறது. பெர்சிவரன்ஸ் ஊர்தியில் இருந்த மாக்சி கருவி, திண்ம ஆக்சைடு மின்பகுளியில் சுமார் 800 டிகிரியில் செவ்வாயின் காற்றைப் பகுத்து, 2021 முதல் 2023 வரை மொத்தம் 122 கிராம் ஆக்சிஜன் எடுத்தது.

மூலப்பொருளாகத் தூய கார்பன் டை ஆக்சைடு கிடைக்குமா என்பது தனிக் கேள்வி. நிலக்கரி உலைப் புகையில் அது 12 முதல் 15 சதவீதம்தான். உடன் வரும் ஆக்சிஜன் எலக்ட்ரான்களைத் திருடும். கந்தக டை ஆக்சைடு செம்பின் போக்கையே மாற்றிவிடும். எனவே பிடித்துச் சுத்தம் செய்யும் செலவு முன்னதாகவே வந்துவிடுகிறது. தூத்துக்குடி அல்கலி ஆலையில் 2016இல் தொடங்கிய பிரிப்பு அமைப்பு, கொதிகலன் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் பிடிக்கும்படி வடிவமைக்கப்பட்டது. அந்த வாயு சோடா உப்பாகிறது. எலக்ட்ரானே தேவைப்படாத வினை என்பதால் அங்கே கணக்கு எளிதாகப் பொருந்தியது.

எலக்ட்ரான் தேவைப்படும் வினைக்கோ, அந்த எலக்ட்ரான் எங்கிருந்து வருகிறது என்பதே கடைசி விடை. இந்திய மின்தொகுப்பில் ஒரு மெகாவாட் மணிக்குச் சராசரியாகச் சுமார் 0.7 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. 34 மெகாவாட் மணி செலவிட்டு ஒரு டன் எத்திலீன் எடுத்தால், உள்வாங்கப்படுவது 3.1 டன், மின் நிலையங்களின் புகைபோக்கிகளில் வெளியேறுவது 24 டன் அளவு. காற்றாலை மின்சாரத்தில் ஓட்டினாலும் ஒப்பீடு மறைந்துவிடாது. அந்த மின்சாரத்தில் ஒரு மெகாவாட் மணி தொகுப்புக்குச் சென்று அதே அளவு வழக்கமான மின்சாரத்தைக் குறைத்தால் 0.7 டன் தவிர்க்கப்படும். எத்திலீன் கலத்துக்குச் சென்றால் 0.09 டன் பயனாகும். இரண்டே எலக்ட்ரான் கேட்கும் கார்பன் மோனாக்சைடிலும் பார்மேட்டிலும் ஓர் எலக்ட்ரானுக்கு உள்வாங்கப்படும் வாயு எத்திலீனைவிட மூன்று மடங்கு. அதே 3 வோல்ட்டில் 0.27 டன். ஆகவே நிலக்கரி மின்சாரம் ஓடும்வரை தூய மின்சாரத்தின் முதல் உரிமை மின்தொகுப்புக்கே. மின்தொகுப்பு ஏற்க முடியாமல் ஒதுக்கும் உபரி இருந்தால் அது மோனாக்சைடுக்கும் பார்மேட்டுக்கும் போகலாம். எத்திலீனின் முறை, கலத்தின் மின்னழுத்தம் 3 வோல்ட்டுக்கு வெகுவாகக் கீழே இறங்கிய பிறகுதான்.